பாட்டு வருமுன் புகை வந்தது!

காரில் போகும்போது பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு வந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஆசையால் வந்த ஆரம்ப கால வினைகளில் ஒன்று அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் நடந்ததாகச் சொல்வார்கள்.

பால் கால்வின் என்பவர் 1928-ம் வருஷம் அந்த ஊரில் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். பாட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோவை வீட்டு மின்சாரத்திலேயே ஓட வைக்கும் கருவி செய்து விற்பது தொழில். அந்த வியாபாரம் படுத்துப் போகவே, 1930-ல் மோட்டார் காருக்குள் வைக்கக்கூடிய ரேடியோ ஒன்றைச் செய்தார். கையில் பணம் இல்லை. பாங்கியில் கடன் கேட்கப் போனார். ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட, பாங்கிக்காரருடைய காரிலேயே ஒரு ரேடியோவை வைத்துக் காட்டிவிட்டால் காரியம் பலித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய பாக்கார்டு காரில் ஆட்களை விட்டுப் பொருத்திக் கொடுத்தார். நல்ல யோசனைதான். ஆனால் அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்துக்கொண்டதாம்! கடன் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

கால்வின் மனம் தளரவில்லை. அதே வருஷம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மகாநாடு கூடிற்று. தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 800 மைல் ஓட்டிப் போனார். மகாநாட்டு மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்திச் சத்தத்தைத் தூக்கி வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டார்கள். ஆர்டர்கள் வந்தன. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர்தான் 'மோட்டரோலா'. 1947-ல் கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது.

அந்த நாளைய கார் ரேடியோ சட்டைப் பைக்குள் அடங்குகிற சமாசாரம் அல்ல. அது வால்வு செட். காரின் பாட்டரி 6 வோல்ட். வால்வுகளுக்கோ அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதற்கென்று தனிப் பாட்டரிகளைக் காரின் அடித்தளத்தில் பெட்டி கட்டி வைத்தார்கள். ஏரியலுக்கு எங்கே போவது? அக்காலத்துக் கார்கள் பலவற்றில் கூரையின் நடுப்பாகம் துணி. அதற்கு அடியில் கோழிக் கூண்டுக்கு அடிப்பது போன்ற கம்பி வலை. அந்த வலையையே ஏரியலாக்கிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள் பாட்டுக்கு நடுவே 'படபட' என்று தாளம் போடும். அதை அடக்கத் தனி ஏற்பாடு. இத்தனைக்கும் விலை 110 முதல் 130 டாலர். புது போர்டு காரே ஐந்நூறு, அறுநூறு டாலருக்குக் கிடைத்த காலம் அது!

பிறகு 1955-ல் கிரைஸ்லர் கம்பெனி வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காரில் கொடுத்தது. அதே கம்பெனி 1956 மாடல் கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் கிராமபோனையே தொங்கவிட்டது! ஓடும் காரில் இசைத்தட்டு சுழன்றது. நம் ஊர்ச் சாலைகளில் அந்த முள் எத்தனை பர்லாங்கு தாங்கியிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. சில வருஷங்களில் அந்த ஏற்பாடு மறைந்தது. பின்னால் வந்த காஸட்டு நிலைத்தது.

நம் நாட்டிலும் அம்பாசடர், பியட் காலத்தில் ரேடியோ என்பது பெரும்பாலும் கார் வாங்கியவர் பிற்பாடு வைத்துக்கொள்கிற சாமானாகவே இருந்தது. டாக்ஸிகளில் டாஷ்போர்டின் மேல் ஒரு குட்டி மின்விசிறி சுழன்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் வாங்குகிற வழக்கமும் 1980-கள் வரை இருந்தது. இன்றைக்கு லைசென்ஸ் இல்லை; ரேடியோ காரோடேயே வருகிறது. ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

ரிச்சி தெருவிலிருந்து...

சென்னையில் இந்த வேலைக்கு வேண்டிய சாமான்களுக்கு வெகு தூரம் அலைய வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் சாமான்கள். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் காருக்கு வேண்டிய அலங்காரங்கள். பழைய கார் ஒன்றின் ஸ்விட்சோ மூடியோ வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை. சனிக்கிழமை வாங்கி வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆனதும் நான்கு கதவுகளையும் திறந்து போட்டுக்கொண்டு, தலை டாஷ்போர்டுக்கு அடியிலும் கால் தெருவிலுமாகப் படுத்துவிடுகிறார்கள்.

என்னதான் பொருத்துகிறார்கள்? சாலையைப் படம் பிடிக்கும் காமிரா. போன் சார்ஜர். இருட்டில் செருப்பைத் தேடாமல் இருக்கக் காலடியில் எல்.இ.டி. விளக்கு. பின் சீட்டில் உட்கார்ந்து வருகிற பாட்டிக்கு ஒரு சின்ன விசிறி. கார் பின்னால் நகரும்போது 'பீப், பீப்' என்று எச்சரிக்கும் சென்சார் நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் கட்டாயமாயிற்று; அதற்கு முந்திய கார்க்காரர்கள் அதையும் தாங்களே வாங்கி வைக்கிறார்கள். இன்னும் துணிந்த காலேஜ் பிள்ளைகள், கையால் சர்க்யூட்டு கட்டி, வெளியில் எவ்வளவு வெப்பம், பாட்டரியில் எத்தனை வோல்ட் என்று காட்டும் சிறு திரையைச் செய்து டாஷ்போர்டில் பதிக்கிறார்கள்.

கேலி செய்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. தன் கையால் வைத்த விளக்கு முதல் தடவை எரியும்போது வருகிற சந்தோஷத்தைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அந்தப் பாக்கார்டு காரின் கதை இன்றும் பழைய கதை ஆகிவிடவில்லை. எல்.இ.டி. விளக்கு காரைக் கொளுத்துவதில்லை. அதற்குப் போகிற ஒயர்தான் கொளுத்துகிறது.

வீடு வேறு, கார் வேறு

"வெறும் 12 வோல்ட்தானே! தொட்டால் ஷாக்கா அடிக்கப் போகிறது?" என்பார்கள். வாஸ்தவம். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும்.

வீட்டில் மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி, திரும்பி வருவதற்கு ஒரு கம்பி. காரில் அப்படி அல்ல. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் காரின் இரும்பு உடம்போடேயே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மின்சாரம் பாசிட்டிவ் ஒயர் வழியாகப் போய், விளக்கை எரித்துவிட்டு, காரின் உடம்பு வழியாகவே திரும்புகிறது. கதவும் தளமும் சீட்டுச் சட்டமும் எல்லாம் நெகட்டிவ்தான். (பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது தலைகீழ், உடம்பு பாசிட்டிவ். அது தெரியாமல் டிரான்சிஸ்டர் ரேடியோவை மாட்டிப் பொசுக்கியவர்கள் உண்டு.) ஆகவே பாசிட்டிவ் ஒயரின் தோல் எந்த இடத்தில் உரிந்து இரும்பில் பட்டாலும் அங்கேயே ஷார்ட்.

ஷார்ட் ஆனால் என்ன ஆகும்? கார் பாட்டரி சாதாரணப் பேர்வழி அல்ல. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்காக ஒரே நொடியில் நூறு, இருநூறு ஆம்பியர் கொடுக்கப் பிறந்தது. தையல் நூலுக்கு அண்ணன் போல இருக்கும் எல்.இ.டி. ஒயரோ ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியருக்குச் செய்தது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. முதலில் பிளாஸ்டிக் தோல் உருகும். பிறகு தாமிரம் சிவக்கும். பக்கத்தில் இருப்பதெல்லாம் என்ன? கார்ப்பெட்டு, சீட்டுப் பஞ்சு, ரெக்சின். அதற்கு மேலே குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தோல் உரிவதற்குக் காரணங்களும் வீட்டில் இல்லாதவை. கார் ஓயாமல் அதிர்கிறது. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற தகட்டின் துளை கத்தி போல இருக்கும். அதன் விளிம்பில் ரப்பர் வளையம் போடாமல் ஒயரை இழுத்தால், ஆறு மாதத்தில் அறுத்துவிடும். சீட்டுக்கு அடியில் போகிற ஒயரை, சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் தண்டவாளம் நசுக்கும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பார்க்க வேண்டும். டேப்பின் பசை உருகி, சுருள் தானாகவே அவிழ்ந்து தொங்கும். முறுக்கி ஒட்டுவதற்குப் பதில், முனையில் லக் வைத்து நெரித்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை மேலே போட்டால் வருஷக் கணக்கில் தாங்கும். எலி என்று ஓர் எதிரியும் உண்டு. அதற்கு ஸ்லீவும் பிடிக்கும், ஒயரும் பிடிக்கும்.

ஒரு முழத்துக்குள் பியூஸ்

இந்த ஆபத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே காவல்காரன் பியூஸ். இதைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. விளக்கையோ ரேடியோவையோ காப்பாற்றுவதற்குத்தான் பியூஸ் என்று நினைத்து, அந்தச் சாதனத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அது காப்பாற்ற வேண்டியது ஒயரை! பாட்டரியிலிருந்து பின் சீட்டு வரை எட்டடி ஒயர் ஓடுகிறது. பியூஸ் பின் சீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், கரண்ட் பியூஸ் இருக்கும் இடத்துக்கே வராது. ஒயர் எரியும்; பியூஸ் பத்திரமாக இருக்கும். அதனால்தான் பாட்டரி முனையிலிருந்து நேரே ஒயர் எடுப்பவர்கள் ஒரு முழத்துக்குள், அதாவது 18 அங்குலத்துக்குள், பியூஸ் வைக்க வேண்டும் என்பது பெரிய ஒலிபெருக்கிகளைக் காரில் வைக்கிற தொழிலாளிகளின் கணக்கு.

எத்தனை ஆம்பியர் பியூஸ்? கணக்கு மூன்றாம் வகுப்புப் பையன் போடக்கூடியது. சாதனத்தின் வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 12 வாட் எல்.இ.டி. ஓர் ஆம்பியர். டயருக்குக் காற்றடிக்கும் 120 வாட் பம்பு பத்து ஆம்பியர். அதற்குச் சற்று மேலான பியூஸ் போட வேண்டும். ஆனால் ஒயர் தாங்குகிற அளவைத் தாண்டக் கூடாது. ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயருக்குப் பத்து ஆம்பியர் பியூஸ் பத்திரமானது. காரில் வருகிற தட்டைப் பியூஸ்களுக்கு நிறமே பெயர். பத்துக்குச் சிவப்பு, பதினைந்துக்கு நீலம், இருபதுக்கு மஞ்சள், முப்பதுக்குப் பச்சை.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிவப்பைப் பிடுங்கிவிட்டுப் பச்சையைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகரெட் பெட்டியின் ஈயக் காகிதத்தைச் சுற்றிச் செருகுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். இராத்திரியில் நாய் குரைக்கிறதே என்று திருடனைப் பார்க்காமல் நாயின் வாயைக் கட்டுவது போன்ற காரியம் இது.

பாட்டரி வரைக்கும் போகாமலே வேலை முடிய ஒரு வழி உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பியூஸ் பெட்டியில், சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஒரு பியூஸைக் கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு, இரண்டு பியூஸ்கள் உட்காரும்படி செய்த ஒரு சிறு முனையைச் செருகலாம். ஒன்று பழைய பியூஸ். மற்றொன்று புதுச் சாதனத்துக்கு. கம்பெனி போட்ட ஒயரை அறுக்க வேண்டியதே இல்லை. காமிரா, சார்ஜர் போன்ற சின்னச் சாமான்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஒலிபெருக்கி போல அதிகக் கரண்ட் இழுப்பவற்றுக்கு மட்டும் பாட்டரியிலிருந்து தனித் தடித்த ஒயரும், நடுவில் ஒரு ரிலேயும் வேண்டும். ரிலே என்பது எஜமானுக்குப் பதில் சுமை தூக்குகிற கூலியாள். டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்சு அதற்குக் கண் ஜாடை காட்டினால் போதும். 'டக்' என்ற சத்தத்தோடு பெரிய கரண்டை அதுவே திறந்து விடும்.

திங்கட்கிழமை திரும்பியிருந்தால்...

தீக்கு அடுத்தபடியாக மனிதர்களைத் தவிக்க விடுவது செத்த பாட்டரி. இது ஒரே நாளில் தெரியாது. அதுதான் இதன் விஷமம்.

கார் நிற்கும்போதும் காவல் இருக்கட்டும் என்று, எந்நேரமும் கரண்ட் வருகிற இடத்தில் காமிராவை மாட்டுகிறார் ஒருவர். அது எடுப்பது கால் ஆம்பியர்தான். கால் ஆம்பியர் ஒரு கரண்டா? சின்னக் கார்களின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி. அதில் பாதி போனாலே எஞ்சினைச் சுழற்றப் பலம் போதாமல் போகலாம். பாதி என்பது பதினேழரை; கால் ஆம்பியர் வீதம் அது எழுபது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ரயிலேறித் திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர் திங்கட்கிழமை காலையில் திரும்பினால் கார் கிளம்பிவிடும். மாமனார் வற்புறுத்தினார் என்று ஒரு நாள் கூடத் தங்கிச் செவ்வாய்க்கிழமை வந்தால், சாவியைத் திருப்பினதும் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். காமிரா நான்கு நாட்களும் காலி வாசலைப் படம் பிடித்து வைத்திருக்கும்! பாட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினதும் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற சின்னப் பெட்டி ஒன்று காமிராவோடு கிடைக்கிறது. அந்தச் சில நூறு ரூபாயில் சிக்கனம் பார்ப்பவர்கள் பிறகு டாக்ஸிக்குக் கொடுக்கிறார்கள்.

வீட்டு அலங்காரத்துக்கு விற்கிற எல்.இ.டி. நாடாவைக் காரில் ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் மேல் 12 வோல்ட் என்று போட்டிருக்கும். கார் பாட்டரியும் 12 என்று நினைத்து மாட்டுவார்கள். எஞ்சின் ஓடும்போது காரில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இந்த இரண்டு வோல்ட் அற்பமாகத் தோன்றும். ஆனால் நாடாவில் மும்மூன்று விளக்குகளாகச் சேர்த்து, மீதி வருகிற இரண்டு மூன்று வோல்ட்டை ஒரு ரெஸிஸ்டர் விழுங்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த மீதிதான் கூடுகிறது! அதனால் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். நாலு மாதத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடுவதற்குக் காரணம் இதுதான். நடுவில் வோல்ட்டை ஒரே நிலையில் நிறுத்தும் சிறு பலகை ஒன்றைப் போட்டால் வருஷக் கணக்கில் எரியும். எரிவதும் மங்கலாக எரிய வேண்டும். உள்ளே வெளிச்சம் கூடினால் முன் கண்ணாடியில் அதன் நிழல் விழுந்து, இரவில் ஓட்டுகிறவருக்குச் சாலை மங்கிவிடும்.

தொடக் கூடாத மஞ்சள்

ஏர்பேக் உள்ள கார்களில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஸ்டியரிங்குக்கு அடியில் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். அது ஏர்பேக்கின் ஒயர். விபத்தில் அது விரிந்துவிட எடுத்துக்கொள்ளும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. காமிராவின் ஒயரை முன் கண்ணாடி ஓரத் தூணில் மறைக்கிறவர்கள், அந்தத் தூணுக்குள்ளும் மேல் கூரை ஓரத்திலும் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒயர் அதற்குப் பின்புறமாகப் போக வேண்டும். முன்னால் போனால் விரிகிற பை ஒயரையும் காமிராவையும் சேர்த்து முகத்தில் எறியும். டாஷ்போர்டின் மேல் ஏர்பேக் மூடியில் பிள்ளையாரையும் போன் ஸ்டாண்டையும் ஒட்டுவதும் இதே ரகம்தான்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. கம்பெனி விலையில் சேராமல் பிறகு வைக்கிற மின்சாரச் சாமான்களைப் பாலிசியில் தனியாகச் சொல்லி, அவற்றின் மதிப்புக்கு நூற்றுக்கு 4 வீதம் பிரீமியம் கட்டச் சொல்லியது 2002-ம் வருஷத்து மோட்டார் இன்ஷூரன்ஸ் விதிமுறை. பாலிசியில் குறிக்காத சாமானுக்கு நஷ்ட ஈடு கேட்டு வாதாடுவது வீண் அலைச்சல். ஒயரை அறுத்து ஒட்டியிருந்தால் காரின் வாரண்டியிலும் வில்லங்கம் வரும்.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பானர் காரின் இரும்பில் பட்டதும் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது வரிசை தலைகீழ். பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். புதிதாகப் போட்ட பியூஸ் எது, எந்த ஒயருக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்தால், நாளைக்கு அந்தக் காரில் கை வைக்கிற மெக்கானிக் திட்டாமல் இருப்பார்.

எல்லாம் மாட்டினதும் அவசரப்பட்டு மூடிகளைப் பூட்டக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, வைத்த சாமான்கள் அத்தனையையும் ஒன்றாகப் போட்டு, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு எங்கேயாவது இருந்தால் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான். சிகாகோ பாங்கிக்காரரின் காருக்கும் அந்த அரை மணி நேரம்தான் தேவைப்பட்டது.